திறந்த முனை

மார்ச் பதினொன்றாம் நாள். தன் வெண்பலகையில் எவரோ அனுமதியின்றிக் கோடு கிழித்துவிட்டார் என்பதே அந்த இயற்பியல் ஆய்வாளரின் குறை. பிறர் பலகையில் கைவைப்பது அநாகரிகம். அழியாத மையால் கைவைப்பது அயோக்கியத்தனம்.

அவள் வரைந்திருந்தது ஒரு டென்சர் வலை. ஒவ்வொரு கட்டமும் ஓர் எண்தொகுதி. ஒவ்வொரு கோடும் இரு தொகுதிகளின் பிணைப்பு. இருமுனையும் கட்டங்களைத் தொடும் கோட்டைக் கணினி சுருக்கிவிடும்: கட்டங்கள் ஒன்றாகும், கோடு மறையும். இறுதியில் எஞ்சுவது ஒரே ஓர் எண். ஒரு முனை திறந்திருந்தாலும் அந்த எண் கிட்டாது. இப்போது மூலைக் கட்டத்திலிருந்து அப்படியொரு கோடு கிளம்பி, பலகையின் விளிம்பைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது.

"உங்க பலகையத் தொட்டுட்டு நான் உயிரோட வீடு போய்ச் சேர முடியுமா மேடம்?" என்றார் அவளுடன் பணிபுரியும் நிரலாளர். "ஆனா கணினியிலயும் ஒரு முனை திறந்தே நிக்குது. சத்தியமா நான் போடல."

துடைத்தாள், சுரண்டினாள். கோடு சுவரின் வண்ணப்பூச்சுக்கு அடியில் இருந்தது. ஈரத்துணியின் வாடை வீசியது. விரல் வைத்த இடத்தில் மெல்லத் துடித்தது. உச்சிவேளைக்குள் சன்னலைக் கடந்து வெளியே போய்விட்டது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாலைக்குள் விடை தந்தாக வேண்டும்.

வீட்டிலிருந்து தங்கை அழைத்தாள். பின்னணியில் அவளுடைய தையல் இயந்திரம் கடகடத்தது.

"அக்கா, காலையிலேருந்து முதுகுல யாரோ நூலக் கட்டி இழுக்கற மாதிரியே இருக்கு."

"துணியோட உன்னையும் சேர்த்துத் தச்சிருப்ப. வேலை தலைக்கு மேல கிடக்கு, அப்புறம் பேசறேன்."

"வச்சிடாதக்கா! விளையாட்டில்ல. இப்போ இன்னும் பலமா இழுக்குது."

அவள் இணைப்பைத் துண்டிக்காமலே அலைபேசியை மேசைமேல் போட்டுவிட்டு, எந்த மாணவர் செய்தாலும் மன்னிக்காத காரியத்தைத் தானே செய்தாள்: சன்னலருகே கோட்டின் குறுக்கே ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, கணினியிலும் அவ்வாறே முனையை மூடினாள்.

"முடிஞ்சு தொலையட்டும்."

விசையை அழுத்தினாள்.

எண் வந்தது. சுவரில் கோடு இல்லை. கட்டம் மட்டும் இருந்தது.

அலைபேசியில் தையல் இயந்திரம் நின்றிருந்தது.

"ஏய், இருக்கியா?"

அலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

பிறகு கடகடவென்ற ஒலி. அலைபேசியிலிருந்து அல்ல. சுவருக்குள்ளிருந்து.

கட்டத்தின் உட்புறம் மூச்சுப் பட்டதுபோல் வெண்மையாயிற்று. அதில் உள்ளிருந்து விரல்கள் அழுந்தின. நடுவிரலில் தங்கை தைக்கும்போது மாட்டும் உலோக உறை. அவ்விரல் அசைந்தது. புதிய கோடு ஒன்று கிளம்பியது. சுவர். தரை. நாற்காலிக் கால்.

அவள் முதுகில், மெல்ல, ஓர் இழுப்பு.

வாசகரே, இதைக் கீழே வையுங்கள். உங்களை இன்று அழைத்து, நீங்கள் பேச்சைப் பாதியில் விட்டவர் எவரோ, அவரை இப்போதே கூப்பிடுங்கள். குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.