டேங்கின் அடியில் கிடந்தது

"இன்னைக்கு அந்த டிராக்டர் டேங்குக்குள்ள இருந்து சீனி வரட்டும், உப்பு வரட்டும், என்ன எழவு வேணா வரட்டும்... அதைப் போட்டவ இந்த வீட்டுல இருக்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்!"

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த யுவராணியின் கை அப்படியே நின்றது. வாசலில் நின்று கத்தியது அவள் மாமியார் மொக்கம்மாள். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாலு வருசமாக இந்த வீட்டில் 'அவ' என்றால் யுவராணிதான்.

"காலங்காத்தால ஆரம்பிக்காத ஆத்தா. மெக்கானிக் அஜீஸ் பாய் வர்ற நேரம்," என்று அடக்கப் பார்த்தான் இளைய மகன் முத்துப்பாண்டி. திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சுருளிப்பட்டிக்கே திரும்பி வந்தவன். நாலு வருசத்துக்கு முன்னால் செத்துப்போன அண்ணன் வேல்பாண்டியின் டிராக்டரைச் சரிபண்ணி உழவுக்கு ஓட்டுவேன் என்று ஒரே பிடியாக நின்றான்.

அந்த டிராக்டர் கொல்லைப் புளியமரத்தடியில் நின்றது. எரு ஏற்றிக்கொண்டு ஓடைக்கரை மேட்டில் ஏறும்போது என்ஜின் திடீரென்று நின்று, வண்டி பின்னால் உருண்டு, கவிழ்ந்து... யுவராணியின் தாலியை வாங்கிய வண்டி. இழுத்து வந்து நிறுத்தியதோடு சரி. 'எம்பிள்ளையத் தின்ன வண்டிய எவனும் தொடக் கூடாது' என்று மொக்கம்மாள் யாரையும் கிட்டவே விடவில்லை.

வண்டி கவிழ்ந்த அன்றைக்குக் காலையில் யுவராணி புருசனோடு சண்டை போட்டிருந்தாள். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? "எந்நேரமும் இந்த வண்டியே கதின்னு கெடக்கீக. இது ஒருநா நடுவழியில நின்னு தொலையணும். அப்பத்தான் எங்கூட ஒக்காந்து ஒருவேளை சோறு திம்பீக!" என்று சொல்லிவிட்டாள். பாழாய்ப்போன வண்டி அன்றைக்கே நின்றது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் மொக்கம்மாள். 'வண்டிய நிறுத்தணும்னு டேங்குல எதையோ கலந்துட்டா! எம்பிள்ளையவே நிறுத்திட்டா!' என்று எழவு வீட்டில் மாரடித்துக்கொண்டு சொன்னாள். யுவராணி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். யார் நம்பினார்கள்?

அவளுக்குப் போக்கிடமும் இல்லை. பிறந்த வீடென்று வருசநாட்டில் கதவு பூட்டிய ஓட்டு வீடு ஒன்றுதான் மிச்சம். அதனால் வாயை மூடிக்கொண்டு இங்கேயே கிடந்தாள். திராட்சைத் தோட்டத்து வேலை, மாட்டு வேலை, மாமியாருக்கு வெந்நீர்... எல்லாம் அவள்தான். செய்கிற கைக்கு ஒரு நல்ல சொல் கிடைத்ததில்லை.

கம்பத்திலிருந்து மெக்கானிக் அப்துல் அஜீஸ் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கொல்லைக்குள் நுழைந்ததும் அவர் ஒரு கணம் நின்றார்.

"என்ன பாய்?" என்றான் முத்துப்பாண்டி.

"ஒண்ணுமில்லப்பா. கோழியெல்லாம் அங்கிட்டே மேயுது. இந்த மரத்தடிக்கு ஒண்ணுகூட வரலியே..."

வராது. அது யுவராணிக்குத் தெரியும். நாயும் வராது. உச்சிப்பொழுதில் அந்த வண்டியிலிருந்து 'டொங்... டொங்...' என்று யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல் சத்தம் வரும். வெயிலில் தகரம் விரிகிற சத்தம் என்று முத்துப்பாண்டி சொல்லுவான். மழை மூட்டத்திலும் ஒருநாள் கேட்டதே, அதற்கு என்ன சொல்லுவான்?

அஜீஸ் போல்ட்டுகளைக் கழற்றி டேங்கை இறக்கிச் சாக்கின் மேல் வைத்தார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனரால் தட்டித் திருகியதும் உள்ளிருந்து 'ஹ்ஹா...' என்று ஒரு காற்று வெளியே வந்தது. யுவராணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோட்டத்திலிருந்து வந்து கட்டிலில் சாயும்போது வேல்பாண்டி விடும் மூச்சு அப்படித்தான் இருக்கும்.

கூடவே ஒரு வாடை. கெட்டுப்போன டீசல் வாடைதான், ஆனால் அதற்குள் பூட்டிக்கிடந்த கோயிலைத் திறந்தாற்போல ஒரு ஈரவாடையும் இருந்தது.

"யா அல்லா, என்னப்பா இது!" பழைய டீசலை வாளியில் வடித்த அஜீஸ் முகத்தைச் சுளித்தார். மேலே கறுப்பாக டீசல். அடியில் தெளிந்த தண்ணீர். "டேங்குக்குள்ள கொஞ்சநஞ்சம் வேர்க்கும், சரி. இம்புட்டுத் தண்ணி எப்படி வந்துச்சு? யாரோ ஊத்துன மாதிரியில்ல இருக்கு!"

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் சடாரென்று எழுந்தாள். "கேட்டியாடா முத்து? கேட்டியா? யாரோ ஊத்திருக்காகளாம்! நாஞ் சொன்னப்ப எவன் நம்புனீக?"

யுவராணி வாளியை எட்டிப் பார்த்தாள். தான் ஊற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் யார் ஊற்றியது?

கொஞ்சம் புது டீசலை ஊற்றி, ஒரு முழம் சங்கிலியை உள்ளே போட்டு, டேங்கைச் சாக்கில் சுற்றி அஜீஸும் முத்துப்பாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். சங்கிலி உள்ளே புரண்டு புரண்டு துருவைச் சுரண்டியது. கவிழ்த்தால் பாகுபோலக் கசடு இறங்கியது. செம்பு நிறத்தில் துருப்பொடி. மறுபடி ஊற்றி மறுபடி குலுக்கினார்கள். மூன்றாம் தடவை சங்கிலியை வெளியே எடுத்த பிறகும் உள்ளே எதுவோ புரண்டு 'தொப்'பென்று ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

"சங்கிலி இங்கன கெடக்கு. அப்ப உள்ள உருளுறது என்னது?" என்றான் முத்துப்பாண்டி. அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

அஜீஸ் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு தடித்த கை, டேங்கின் வாயிலேயே சிக்கிக்கொண்டது. முத்துப்பாண்டியின் கையும் நுழையவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யுவராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வளையல் இல்லாத மெலிந்த கை. விரல்களைக் குவித்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

வெளியே அத்தனை வெயில். உள்ளே ஓடைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. துழாவினாள். டீசல் குழாய்க்குப் போகிற துளைப் பக்கம் விரல் போனதும், கொழகொழவென்று ஒன்று அவள் விரலைச் சுற்றிக்கொண்டது. யாரோ பிடித்தாற்போல!

"ஐயோ... பிடிக்குது!" என்று அலறிவிட்டாள்.

"இழு தங்கச்சி! கைய வெளிய இழு!" என்று பதறினார் அஜீஸ்.

இழுத்தாள். விரலைச் சுற்றி ஒரு நைந்த துணி வந்தது. துணியின் நுனியில் ஒரு முடிச்சு. கட்டைவிரலால் கசடைத் துடைத்தாள். அடியில் மஞ்சள் நிறம்.

முத்துப்பாண்டி வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தான். சேறாகிப்போன திருநீறு. நடுவில் கோடு கிழித்த செப்புத் தகடு.

"தகடு! மந்திரிச்ச தகடு!" அவன் முகம் வெளுத்துவிட்டது. "இந்தத் துணி போயித்தான் டீசல் வர்ற ஓட்டைய அடைச்சிருக்கு. மேட்டுல வண்டி நின்னது இதாலதான். மதினி... ஆத்தா சொன்னது நெசந்தானா? எங்கண்ணனுக்குச் செய்வினையா வச்சீக?"

யுவராணி மாமியாரைப் பார்த்தாள்.

மொக்கம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் பிளந்திருந்தது. கண்கள் அந்த மஞ்சள் துணியை விட்டு நகரவில்லை. நாலு வருசமாக ஓயாத வாய், இப்போது ஒரு சொல் சொல்ல முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் யுவராணிக்கு விளங்கிவிட்டது. அடப்பாவி மனுசி... நீயா? தெரிந்தா செய்தாய்? இல்லை, இந்த நிமிசம்தான் உனக்கே தெரிகிறது.

'நீதான் கொன்ன' என்ற சொல்லை நாலு வருசம் சுமந்தவள் யுவராணி. பொய்யென்று தெரிந்தே சுமந்தும் எத்தனையோ தடவை கிணற்றடி வரை போய்த் திரும்பியிருக்கிறாள். அதுவே மெய்யாக இருந்தால்? அதுவும் பெற்றவளுக்கு? இந்தக் கிழவி பொழுது சாயும் வரைகூட உயிரோடு இருக்க மாட்டாள்.

"சொல்லுங்க மதினி!" என்று கத்தினான் முத்துப்பாண்டி.

"ஆமா தம்பி..." அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது. "நாந்தேன் போட்டேன்."

அஜீஸ் தலையைக் குனிந்துகொண்டார். முத்துப்பாண்டி தகட்டைத் தரையில் வீசி எறிந்தான். "போங்க! எங்கண்ணன் இருந்த வீட்டுல இனி நீங்க ஒரு நிமிசம் நிக்கக் கூடாது... போயிருங்க!"

மொக்கம்மாள் அப்போதும் பேசவில்லை.

யுவராணி உள்ளே போய் இரண்டு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டாள். கையைக்கூடக் கழுவவில்லை. வாசலைத் தாண்டித் திராட்சைப் பந்தல் ஓரமாக மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். உச்சி வெயில். பந்தலுக்குள் இலைகூட அசையவில்லை. பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. திரும்பினாள், யாரும் இல்லை. மறுபடி நடந்தாள். மறுபடி அதே காலடி. நடை அவளுக்குப் பழகிய நடை. ஒருகாலை லேசாக இழுத்து வைக்கிற வேல்பாண்டியின் நடை!

"நீங்களா?" என்று வாய்விட்டே கேட்டாள். அழுகை பொங்கிவிட்டது. "நான் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்... ஊருக்கு என்னத்துக்கு?"

காலடி நின்றுவிட்டது. அது நின்ற இடத்திலிருந்து, "ஏ யுவராணி! ஏ ஆத்தா! நில்லுடீ!" என்று ஒரு கதறல் கேட்டது.

தலைமுடி அவிழ்ந்து, முந்தானை மண்ணில் புரள, மொக்கம்மாள் ஓடி வந்துகொண்டிருந்தாள். பின்னால் முத்துப்பாண்டி. அதற்கும் பின்னால் அஜீஸ். ரோட்டோரத்தில் வந்து விழுந்து மருமகளின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள் அவள்.

"எதுக்குடி பொய் சொன்ன? எதுக்குச் சொன்ன? காப்பு முடிச்சப் போட்டது நானு! ஸ்டேரிங்குல கட்டுனா அவுத்து வீசிருவான்னு, அவனுக்குத் தெரியாம டேங்குக்குள்ள போட்டேன்... அமாவாசை அமாவாசைக்குச் சுருளி அருவித் தீர்த்தத்த எடுத்தாந்து, எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அதுக்குள்ள ஊத்துனதும் நாந்தேன்... எங்கையாலயே எம்பிள்ளைய... ஐயோ! ஐயையோ!" நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள்.

முத்துப்பாண்டி, "மதினி... என்னைய மன்னிச்சிருங்க மதினி," என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"துணியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் மொக்கம்மாள். "தெரிஞ்சும் வாயத் திறக்காமக் கெடந்தேன். நீ படி இறங்குற வரைக்கும் கெடந்தேன். நான் மனுசியா? போட்டவ வீட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல... நாம் போறேன் ஆத்தா. நீ வீட்டுக்குப் போ."

யுவராணி பையைக் கீழே வைத்தாள். மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்க முயன்றாள், முடியவில்லை. அவளும் மண்ணிலேயே உட்கார்ந்து அந்தத் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். "பிள்ளை நல்லாருக்கணும்னுதானத்தே செஞ்சீக... அவுகளுக்கும் அது தெரியும். போதும். நெஞ்சுல அடிக்காதீக."

டீசலும் கண்ணீருமாக இருவரும் அழுது ஓய்ந்த நேரத்தில் கம்பம் பஸ் வந்து நின்றது. பையோடு இரண்டு பெண்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, ஏறுறீகளா?"

மொக்கம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

யுவராணி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

"இல்லண்ணே, நீங்க போங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."