கைப்பிடி இல்லாத கதிர்மாற்றி

பதினோரு மணிக்கு வெந்நேரச் சங்கு ஊதியபோது பூபதி கடையில் கதிர்மாற்றிகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சங்கு ஊதிவிட்டால் மாலை நாலரை வரை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. நாமக்கல் வட்டாரத்தில் சித்திரை மதியம் ஐம்பத்தொரு டிகிரியைத் தொடுகிறது; குளிர்ச்சி இல்லாத அறையில் மூன்று மணி நேரம் கிடந்தால் வாட்டசாட்டமான ஆளும் எழுந்திருக்க மாட்டான். ஊர்க் கம்பியில் வரும் மின்சாரத்தையும் சரியாக அந்த நேரத்துக்கு அரசாங்கம் நகரங்களுக்குத் திருப்பிவிடும். பெரிய நிலம் வைத்திருப்பவன் அந்த ஐந்தரை மணி நேரமும் தன் சூரியத் தகடுகளையும் பேட்டரிகளையும் நம்பித்தான் மூச்சுவிட வேண்டும். தகடு, பேட்டரி, ஊர்க் கம்பி மூன்றையும் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது கலப்புக் கதிர்மாற்றி. பெண் பார்க்கப் போவதைவிடக் கதிர்மாற்றி பார்க்கப் போவதற்குத்தான் இப்போதெல்லாம் ஆட்கள் அதிகம் யோசித்தார்கள்.

பூபதி யோசித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அவருக்கு நாற்பது ஏக்கர். ஆறு ஷெட்டுகளில் அறுபதாயிரம் முட்டைக்கோழிகள், முட்டைக்கு ஒரு குளிர்கிடங்கு, மாடி வைத்த பங்களா, வேலையாட்களுக்குப் பதினான்கு லைன் வீடுகள். போன வருடம் சித்திரையில் மூன்று நாள் புழுதி மூட்டம் வந்தது. மூட்டம் வந்தால் வெக்கை குறையாது, வெளிச்சம் மட்டும் குறையும். தகடுகள் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கும். எதையாவது அணைத்தாக வேண்டும். பழைய கதிர்மாற்றியில் அதற்கென்று சிவப்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. பூபதி கோழிகளை நினைத்துக்கொண்டு, இரண்டு மணி வாக்கில் லைன் வீடுகளின் கைப்பிடியைத் தன் கையாலேயே இறக்கினார்.

சாயங்காலம் கதவுகளைத் திறந்தபோது மேஸ்திரி சுக்ராமின் மனைவி புல்மணி இறந்துகிடந்தாள். ஜார்கண்டிலிருந்து வந்து ஒன்பது வருடம் முட்டை பொறுக்கியவள். எந்தக் கை, எத்தனை மணிக்கு இறக்கியது என்பதைக் கைப்பிடி பதிந்து வைத்திருந்தது. பூபதி சேலம் சிறையில் பதினைந்து நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அவர் வருந்தவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வருந்தினார். ஆனால் புல்மணி போனதைவிட, அந்தக் கைப்பிடி தன்னைக் காட்டிக்கொடுத்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

வெந்நேரம் முடியும்வரை கடையை விட்டு வெளியேற முடியாது என்பதால், விற்பனைப் பெண் இன்பா நிதானமாகவே விளக்கினாள். முதல் மாற்றியில் கைப்பிடி இருந்தது. பூபதி அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டாவதற்குச் சமவெட்டி என்று பெயர். மின்சாரம் குறைந்தால் மனிதன், கோழி, கிடங்கு என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ஒரே அளவாகக் குறைக்கும். அதையே வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"எல்லாருக்கும் கொஞ்சம் வேர்க்குமுங்க. ஆனா ஒருத்தரும் சாக மாட்டாங்க."

கோழி என்னாகும் என்று கேட்டார். பத்துக்கு ஒன்று போகும் என்றாள். பூபதி மூன்றாவதற்கு நகர்ந்தார்.

மூன்றாவது, தீர்ப்பான். முந்நூறு கிலோவாட். பீரோ உயரத்துக்கு நின்ற அதில் கைப்பிடியும் இல்லை, பொத்தானும் இல்லை. நிலத்தின் பத்து வருடக் கணக்குகளையும் பத்திரங்களையும் ஆட்பதிவையும் படித்துவிட்டு, ஒவ்வொரு அறையைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்: இதில் இருப்பது இல்லாமல் போனால் இந்த நிலத்துக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் குறைவான இடத்தை முதலில் அணைக்கும். அறைக்கு அறை ஆள்காணி என்ற கண் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்; உள்ளே யார் யார் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, அவர்களுடைய மதிப்பின் சராசரியை அறையின் மதிப்பாக வைத்துக்கொள்ளும். முத்திரை வைத்த பிறகு பெட்டியை யாராவது தொட்டால் நிலம் முழுவதும் இருண்டுவிடும்.

பூபதிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். "அணைச்சு யாராச்சும் செத்துப்போனா, கேஸ் யாரு மேலம்மிணி?"

"யாரு மேலயும் இல்லீங்க. கைபடாச் சான்று குடுத்துருவோம்."

"அப்ப அதையே போட்டுருங்க."

இன்பா விடவில்லை. ஒருமுறை முத்திரை வைத்தால் மாற்றுவது குதிரைக்கொம்பு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். விற்கிற பெண்ணுக்கு இது வேண்டாத வேலை. பூபதி காதில் வாங்கவில்லை.

சிக்கல் அனுமதியில் வந்தது. ஒரு பெயருக்கு அறுபது கிலோவாட்டுக்கு மேல் கிடையாது. அதோடு, மின்சாவு வழக்கில் பெயர் அடிபட்டவருக்கு ஒரு வாட்கூடக் கிடையாது. பூபதி இதற்கெல்லாம் அசருகிற ஆளா? நிலத்தைக் காகிதத்தில் பல பெயர்களில் துண்டு போட்டு இணைப்பு வாங்குவது அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற சங்கதி. மகன் நிகிலேஷ், மருமகள் ஓவியா, இரண்டு பேரப்பிள்ளைகள், கனடாவில் இருக்கும் மகள் என்று ஐந்து பேருக்கு நாற்பது ஏக்கரையும் எழுதிவைத்தார். ஐந்து அறுபது முந்நூறு. காகிதத்தில்தானே என்று நிகிலேஷ் சிரித்தான், பூபதியும் சிரித்தார்.

முத்திரை வைக்க வந்த அன்று இன்பா ஆட்பதிவை நிரப்பினாள். அதில் மூன்றே கட்டங்கள்: உரிமையாளர், பணியாளர், மற்றவர். பத்திரப்படி பூபதி உரிமையாளர் இல்லை. பணியாளர் என்று போட்டுவிடட்டுமா, பண்ணையைப் பார்த்துக்கொள்வதும் வேலைதானே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பூபதிக்கு முகம் கறுத்துவிட்டது. சுக்ராமும் மற்ற ஆட்களும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.

"என்ற தோட்டத்துல என்னையக் கூலிக்காரன்னு எழுதுவீங்களா?"

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு கட்டம்தான். அதில் எழுதினாள்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. தீர்ப்பான் சத்தமில்லாமல் வேலை பார்த்தது. சித்திரை இரண்டாம் வாரம் வானம் செம்மண் நிறத்துக்கு மாறியது. அன்று சங்கு ஊதியதும் பூபதி மாடியறைக்குப் போய், ஜன்னல் வழியாக லைன் வீடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே குளிரூட்டிகள் நின்றுவிடும், அதை யாரும் தன்னைக் கேட்க முடியாது என்ற நினைப்பு அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. பன்னிரண்டே காலுக்குக் குளிரூட்டி நின்றது. நின்றது அவர் அறையில்.

தீர்ப்பான் தன் கணக்கில் தப்பே செய்யவில்லை. புல்மணி செத்த மறுவாரம் பதினோரு குடும்பங்கள் மூட்டை கட்டியதையும், பொறுக்க ஆளில்லாமல் இரண்டு மாதம் முட்டை பாதியாக விழுந்ததையும் அது படித்திருந்தது. வேலையாள் இல்லாவிட்டால் கோழி இல்லை. நிலம் இல்லாத, வேலை செய்யாத, அறுபத்தாறு வயதான ஒரு மற்றவர் இல்லாவிட்டால் நஷ்டம் என்ன என்று தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்திருந்தது.

நிகிலேஷ் இன்பாவைப் போனில் அழைத்துக் கேட்டான். கட்டத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும், மாற்றம் அடுத்த மாதம் முதல் தேதிதான் நடப்புக்கு வரும் என்றாள். அதற்குள் பூபதி பேரப்பிள்ளைகளின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் அங்கேயும் நின்றது. அவரை மகன் அறைக்குக் கூட்டிப்போனதும் பிள்ளைகள் அறையில் ஓட ஆரம்பித்தது, மகன் அறையில் நின்றது. திரும்பவும் பிள்ளைகளிடம் வந்தார். மறுபடி நின்றது. எல்லோருக்கும் விஷயம் புரிந்தது, யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஓவியா சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

"நீங்க உள்ள இருந்தா ரூமோட மதிப்பு எறங்குதுங்க மாமா. பாப்பாவுக்கு இப்பவே மூச்சு வாங்குது."

பூபதி மகனைப் பார்த்தார். நிகிலேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு அடிச்சுட்டே இருக்கறனுங்கப்பா, எடுக்க மாட்டேங்குது. அங்க இப்ப ராத்திரி," என்றான். அவன் எழுந்து கதவைத் திறந்துவிடவும் இல்லை, போகாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை. பெற்ற மகன் அப்படி உட்கார்ந்திருந்தது பூபதிக்கு வெயிலைவிடப் பெரிய அடியாக இருந்தது. நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவரே கதவைத் திறந்தார்.

ஷெட்டுகளில் குளிர் வீணாகக் கூடாதென்று வெந்நேரத்தில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தார். துண்டு இருபது எட்டில் காய்ந்துவிட்டது. லைன் வீடுகளுக்கு வந்தபோது கால் பின்னியது. முதல் கதவில் சாய்ந்து தட்டினார். அது சுக்ராமின் வீடு. மற்றவர்கள் போனபோது, புல்மணியைப் புதைத்த இடம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லி அவன் போகாமல் இருந்துவிட்டான்.

சுக்ராம் திறந்தான். முதலாளியைப் பார்த்து அவன் முகத்தில் என்ன ஓடியதென்று தெரியவில்லை. வெந்நேரத்தில் கதவைத் தட்டியவனை நிற்கவைத்துப் பேச முடியாது. கைத்தாங்கலாக உள்ளே இழுத்து, இருந்த ஒரே கட்டிலில் உட்காரவைத்தான். கீழே பாயில் அவனுடைய இரண்டு பெண்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். குளிர் உடம்பில் பட்டதும் பூபதிக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் இத்தனை சுகமாக எதுவும் இருந்ததில்லை என்று தோன்றியது.

வேலை செய்யாத இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த அறை அது. பூபதி வந்த எட்டாவது நிமிடம் குளிரூட்டி நின்றது.

சுக்ராம் அதைத் தட்டிப் பார்த்தான். "இந்த வருசம் ஒரு நாளும் நின்னதில்லீங்களே," என்றான். லைன் வீட்டுக்காரர்களுக்குச் சராசரி பற்றியெல்லாம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முட்டை அட்டை ஒன்றை எடுத்து முதலில் பெண்களுக்கு விசிறினான், பிறகு பூபதிக்கு. சின்னவளுக்கு நாலு வயது இருக்கும். முகம் சிவந்து, தாயக்கட்டையைப் போட்டுவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

பூபதி எழுந்து வெளியே போனால் பத்து நிமிடத்தில் குளிர் திரும்பிவிடும். அது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சுவரில் மணி ஒன்றரை. நாலரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். வெளியே போனால் தனக்கு அரை மணி நேரம்தான் என்பதையும் போட்டார்.

"எதுக்கு நின்னுச்சுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?" என்று சுக்ராம் கேட்டான்.

"மெசின் பண்றது நமக்கு என்ன தெரியும்," என்றார் பூபதி.

சுக்ராம் காற்று வரட்டுமென்று கதவைக் கொஞ்சம் திறந்தான். அனல் அடித்தது. சாத்தச் சொல்லிவிட்டு, குடிக்க இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். பானையில் இருந்த கடைசித் தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டு, சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு, சுக்ராம் மறுபடி விசிற ஆரம்பித்தான்.