மிதி, பிடி, விடு

மழைக்கு இருட்டிக் கிடந்த மதியத்தில் பள்ளி வேன் பட்டறைக்குள் நுழைந்தபோது, கருகிய வாடைதான் முதலில் வந்தது. ஓட்டி வந்தவள் மெக்கானிக்கின் மனைவி. முன்பக்க இடது சக்கரத்தை யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல இருக்கிறது என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரார் வண்டியெல்லாம் முடிந்த பிறகுதானே வீட்டு வண்டிக்கு முறை வரும். இன்று புகையே வந்துவிட்டது. பள்ளி விடுவதற்குள் சரிசெய்தாக வேண்டும். மேட்டின் மேலே காத்திருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் செங்குத்துச் சரிவில் அவள் இறங்க வேண்டும்.

வேன் கைமாறி வந்தது. முன்பு ஓட்டியவர் அதே சரிவில், பிள்ளைகள் உள்ளே இருக்க, நெஞ்சடைத்து இறந்தவர். பிரேக்கை மிதித்தபடியே உயிர் போயிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் காலைப் பெடலிலிருந்து எடுக்க இரண்டு ஆள் பாடுபட்டார்களாம். விற்றவர் இதைச் சொன்னபோது, கதை நன்றாகத்தான் விடுகிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் கைக்கு அசையவில்லை. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் சின்னத் திருகைத் தளர்த்தி, ஆயிலின் அழுத்தத்தை வெளியே விட்டார். அப்போதும் அசையவில்லை. அப்படியானால் அதற்குள் இருக்கும் பிஸ்டன்தான் சிக்கியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் லேசான துரு, அதைச் சுற்றிய ரப்பர் சீல் ஊறிப் பருத்திருந்தது. துருவைத் துடைத்தெடுத்து, புது சீல் போட்டு, பிரேக் ஆயில் தடவியதும் பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

இனி குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது இரண்டு பேர் வேலை. மனைவி இருக்கையில் ஏறினாள். அவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டார். "மிதி" என்றால் மிதிப்பாள். "பிடி" என்றால் காலை எடுக்காமல் இருப்பாள். அவர் திருகைத் திறந்து மூடுவார். "விடு" என்றால் காலை எடுப்பாள்.

சில தடவை ஆயிற்று. "விடு" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

சுற்றவில்லை.

"விடும்மா."

வண்டியின் அடிவழியே எட்டிப் பார்த்தார். மறுபக்கத்தில் அவள் கால்கள் இரண்டும் தரையில் நின்றன.

"நான் அப்பவே இறங்கிட்டேங்க." அவள் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். "பெடல் மட்டும் கீழயே இருக்கு."

வேறென்ன செய்வதென்று தெரியாமல், "விடு" என்றார் மெதுவாக.

மேலே பெடல் எழும்பும் சத்தம் கேட்டது. சக்கரம் சுழன்றது.

அதற்குப் பிறகு அந்த வார்த்தைகளை வாயில் எடுக்க அவருக்குத் துணிவில்லை. மீதிக் காற்றைப் பேச்சில்லாமலே எடுத்தார்கள். அவள் பாட்டுக்கு மிதித்தாள், அவர் பாட்டுக்குத் திறந்து மூடினார். வேறு வண்டிக்கு அலைந்து பார்த்தும் கிடைக்கவில்லை. பெடல் கெட்டியாக இருந்தது. பிள்ளைகள் மழையில் நிற்பார்களே என்று அவள் கிளம்பிவிட்டாள்.

தரையைத் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். வாசல் வரை சொட்டுச் சொட்டாகப் பிரேக் ஆயில். கடைசியில் கேலிப்பரின் அந்தத் திருகை அவர் இறுக முடுக்கவே இல்லை. பழைய வேன்; நாலு சக்கரத்துக்கும் ஆயில் ஒரே வழியில்தான் போகிறது, ஒன்றில் ஒழுகினால் எல்லாம் போச்சு.

போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. மழையில் தலைதெறிக்க ஓடினார்.

சரிவின் பாதியில் வேன் மூக்கைக் கீழே வைத்து நின்றிருந்தது. உள்ளே பிள்ளைகள் விசும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி இரண்டு காலையும் இருக்கையின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"மிதிச்சேங்க, தரையைத் தொட்டுடுச்சு. ஹேண்ட் பிரேக்கும் தாங்கல. அப்புறம் தானா நின்னுடுச்சு."

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். துளி ஆயில் இல்லை. பெடல் அடிவரை அமுங்கியிருந்தது.

அந்த வெறும் பெடலைப் பார்த்து அவர் சொன்னார்.

"பிடி."

ஒவ்வொரு பிள்ளையாக இறக்கினார். ஒவ்வொரு முறையும் "பிடி" என்றார். வேன் இம்மியும் நகரவில்லை. கடைசியாக மனைவி, சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். எல்லோரும் ஓரமாக மேட்டில் ஏறி நின்றார்கள். கீழே சாலை காலியாக இருந்தது. வேனுக்குள் யாருமில்லை.

இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து, களைத்துப்போன ஓர் ஆண்குரல் கேட்டது.

"விடட்டுமா?"