வேண்டாம் என்று எழுதிய துணி

கோஷம் எழுதுவது தேஜஸ்ரீக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பள்ளியில் மரம் நடுவிழாவா, கொசு ஒழிப்பு ஊர்வலமா, "கூப்பிடு தேஜஸ்ரீயை!" என்பார்கள்.

வீரபாண்டியில் அவளுடைய தெருக்கோடியில் ஒரு காலி இடம் கிடந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும் தெருவே கொதித்துப் போனது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். அதுவே பற்றவில்லை, இதில் இன்னும் நூறு குடும்பமா?

தேஜஸ்ரீயின் அப்பா திருமூர்த்தி பனியன் கம்பெனி நடத்துபவர். தெருச் சங்கத் தலைவரும் அவர்தான்.

"ஞாயித்துக்கெழமை அதைக் கட்டற இன்ஜினியர் பேச வர்றாருங்கறாங்க. பெருசா ஒரு பேனர் கட்டோணும். எழுதறியா கண்ணு?"

விடுவாளா தேஜஸ்ரீ? ஆனால் அந்த வாரம் பார்த்து அப்பாவின் கம்பெனியில் கறுப்புத் துணியாகவே தைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வகுப்புத் தோழி பூங்குழலியிடம் கேட்டாள். பூங்குழலியின் அம்மா விஜயகுமாரி வேறொரு கம்பெனியில் டெய்லர்.

"பேனருக்கு ஒரு வெள்ளைத் துணி வேணும், கெடைக்குமா?"

எதற்கு என்று பூங்குழலி கேட்கவில்லை. தேஜஸ்ரீயும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், என்னவோ கூச்சமாக இருந்தது. பூங்குழலி வீட்டில் நாலு பேர் ஒரே அறையில் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

மறுநாளே துணி வந்துவிட்டது. நாலு ஓரமும் மடித்து, நேர்கோடாகத் தையல் போட்டிருந்தது.

"பனியன் துணி ஓரம் சுருண்டுக்குமாம். பேனர் நல்லா நிக்கோணும்னு எங்கம்மா சாப்பாட்டு நேரத்துல தையல் அடிச்சுக் குடுத்தாங்க" என்றாள் பூங்குழலி.

அந்தத் துணியில்தான் தேஜஸ்ரீ சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை கொட்டையாக எழுதினாள்.

'கூட்டம் வந்தால் தண்ணி போச்சு! குப்பை சேர்ந்தால் தெருவே போச்சு! வேண்டாம் வேண்டாம், குடியிருப்பு வேண்டாம்!'

ஞாயிற்றுக்கிழமை காலி இடத்தில் பந்தல் போட்டார்கள். பேனர் ஜம்மென்று தொங்கியது. இன்ஜினியர் பிரபாகர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். கோஷத்தைப் படிக்கத் தேஜஸ்ரீ கையில் மைக்.

அப்போது பந்தலுக்குப் பின்னாலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். பார்த்தால், பூங்குழலி! தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டை போட்டிருந்தாள். பின்னால் அவளுடைய அம்மா.

"தேஜு! இங்க கட்டப்போறதுல எங்களுக்கு ஒரு ஊடு ஒதுக்கியிருக்காங்க! எடத்தைப் பாக்கலாம்னு வந்தோம். இனிமே நாம ஒரே தெரு!"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் பேனரைப் பார்த்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"குப்பைன்னு எங்களையா சொல்றே?"

விஜயகுமாரியும் படித்தார். தான் போட்ட தையலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எழுத்து அழகா இருக்குது கண்ணு" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். தேஜஸ்ரீயின் முகம் தீயாய் எரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனரைக் கிழித்து எறிந்துவிட்டு ஓடிவிடலாமா? ஓடி என்ன செய்ய, ஊரே படித்துவிட்டதே!

"ம், ஆரம்பி கண்ணு" என்றார் அப்பா.

தேஜஸ்ரீ மைக்கை வாயருகே கொண்டு போனாள்.

"இதை எழுதுனது நானுங்க. தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

"எழுத்து எங்கியாவது உட்டுப் போச்சா கண்ணு?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார் பக்கத்து வீட்டு அங்கமுத்து.

"எழுத்தெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. மனுசங்களைப் போயி குப்பைன்னு எழுதிட்டேனுங்க. என் சிநேகிதி எதுக்குன்னு தெரியாமயே துணி குடுத்தா. அவங்கம்மாதான் தெச்சுக் குடுத்தாங்க. அவங்க வரக்கூடாதுன்னு அதுலயே எழுதி வெச்சிருக்கறேன்."

தேஜஸ்ரீ மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நமக்குத் தண்ணிதானுங்களே கஷ்டம்? அதை மட்டும் கேக்கலாமுங்களே? அப்புறம் அப்பா, தங்கறதுக்கு ஊடு கெடைக்காம டெய்லருங்க எல்லாம் ஊருக்குப் போயிர்றாங்கன்னு தெனமும் நீங்கதானுங்க சொல்றீங்க!"

குபீரென்று சிரிப்பு எழுந்தது. திருமூர்த்தி கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் மகள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க இன்ஜினியர், இந்தக் கட்டடத்துக்குத் தனியாத் தண்ணித் தொட்டி உண்டுங்களா?"

"இப்போதைக்குப் பிளான்ல போர்க் கெணறு மட்டும்தானுங்க இருக்குது" என்றார் பிரபாகர். "தொட்டியும் புதுக் குழாயும் வேணும்னு எல்லாரும் சேந்து கேட்டா, நானும் மேல பேசறேனுங்க."

"எல்லாரும்னா குடி வர்றவங்களும்தான?" என்ற அங்கமுத்து, விஜயகுமாரிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனவர்களும் உண்டு. உட்கார்ந்தவர்கள்தான் அதிகம்.

தேஜஸ்ரீ ஸ்டூல் மேல் ஏறிப் பேனரைக் கழற்றினாள். பூங்குழலி தள்ளியே நின்றாள்.

"மன்னிச்சுக்க புள்ள. எதுக்குன்னு உங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. கூச்சம் வந்தப்பவே நான் நிறுத்தியிருக்கோணும்."

பூங்குழலி அண்ணாந்து, கட்டடம் எழும்பப்போகும் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு கேட்டாள்.

"எங்களுக்கு மூணாவது மாடி. அங்கிருந்து பாத்தா உங்க மொட்டை மாடி தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப பாத்துக்க. இனிமே நீ பல்லு வெளக்காமத் திரிஞ்சா எனக்குத் தெரிஞ்சு போயிரும்!"