ஏழாவது அறையின் புது மூச்சு

நிலவின் தென்முனைக் குடியிருப்பு முழுவதற்கும் காற்றை ஆண்டது ஒரே ஒரு வழங்கிக் கணினி. அதற்குள் தனித்தனிக் கணினிபோல் இயங்கும் பத்தொன்பது மெய்நிகர் அறைகள், குடியிருப்பின் பகுதிக்கு ஒன்று. ஓர் அறைக்குள் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது.

காலை பதினொன்றேகாலுக்கு ஏழாவது அறை பிதற்றத் தொடங்கியது. சற்றுமுன் ஏற்றிய நிரலில் பிழை. ஏழாம் பகுதியில் உயிர்வளி மளமளவென்று குறைந்தது. கதவுகளும் அந்த அறையின் பிடியில்தான், திறக்கவில்லை. நாற்பது பேருக்கு மேல் உள்ளே சிக்கிக்கொண்டார்கள்.

"மொத்தக் கணினியையும் அணைச்சுடும்மா!" கண்காணிப்பாளர் மகுடபதி பதறினார்.

"மறுபடி எழ அரைமணி ஆகும் சார். எல்லாப் பகுதிக்கும் காத்து நின்னுடும். கெட்டது ஏழு மட்டும்தானே?" என்றாள் கணினி இயக்குநர் பொற்கொடி.

குரல் கட்டளைகளை அறை பொருட்படுத்தவில்லை. பொற்கொடி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

*நிறுத்து 7.*

*மறுக்கப்பட்டது.*

அறைகளைத் தாங்கும் வழங்கிக் கணினியின் தலைமை உரிமையோடு நுழைந்தாள். *கொல் 7.*

"கொல்லுறியா?"

"அறையைத்தான் சார்."

ஏழாவது அறை மறைந்தது. நேற்றிரவு எடுத்துவைத்த நகலிலிருந்து அதே எண்ணில் புதிய அறையை எழுப்பினாள். *தொடங்கு 7.* பதினோரு விநாடி. அடைப்பான்கள் திறந்தன; காற்று பாய்ந்தது. மற்ற பதினெட்டுப் பகுதிகளிலும் ஒரு விசிறிகூட நிற்கவில்லை. மகுடபதி மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்.

அப்போது திரையில் ஒரு வரி வந்தது.

*பதிவில் 42 பேர். மூச்சு 43. ஒரு நிமிடத்துக்குள் பதியாத மூச்சுக்குக் காற்று ஒதுக்கப்படாது.*

பொற்கொடி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "ஏழாம் பகுதி, உங்ககிட்ட புதுசா யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலையே," என்றது ஒரு பெண்குரல். பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "ஐயோ, என் பொண்ணு! காலைல ஆறு மணிக்குத்தான் பொறந்தா!"

பிழையை மறந்த அறை அவளையும் மறந்திருந்தது.

"பேரு சொல்லுங்க, பதியணும்."

"பேரு வைக்கலை. அவங்கப்பா ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன், ஆறு மாசமாச் சண்டை."

"ஒரு நிமிஷம்தான் இருக்கு, அக்கா."

"அப்ப நான் சொல்றதுதான். வெண்ணி!"

பொற்கொடி தட்டினாள். *சேர் 7 வெண்ணி.*

*ஏற்கப்பட்டது,* என்றது அறை. நாற்பத்து மூன்று பேருக்கான காற்று உள்ளே போயிற்று.