ஈரத் துடைப்பம்

உச்சி வெயிலில் படகின் பின்தளம் அமைதியாக இருந்தது. அதுதான் சரியில்லை. ஹைட்ரஜனில் ஓடும் அந்தப் பயணிகள் படகில், கசிவைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. பெயிண்ட் வாசனைக்குக்கூட, பல் முளைக்கும் குழந்தை மாதிரி நாளெல்லாம் வீறிடும். இன்று கப்சிப்.

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். கருவியின் வாயில் ஒரு சாக்ஸ் அடைத்திருந்தது. பல நாள் வியர்வையில் விறைத்து, கிரீஸ் அப்பி, கால்முடி ஒட்டி, இரண்டு விரலால் இழுக்க இழுக்கச் செத்த மாட்டின் நாக்குபோல் நீண்டு வந்தது. வந்ததும் கருவி அலறியது.

யாருடைய சாக்ஸ் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த நாற்றத்தோடு அவர் ஒரே வீட்டில் குடியிருக்கிறார். மச்சினனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "உங்கள நம்பித்தான் அனுப்புறேன், பத்திரமா பாத்துக்குங்க" என்றிருந்தாள் மனைவி.

குழாய்களுக்கு நடுவே எங்கேயோ 'உஸ்' என்று ஒரு சீறல். வாயுவை நிறுத்தும் திருகு குறுகிய நடைபாதையின் மறுகோடியில். ஹைட்ரஜன் பற்றினால் புகை வராது, வெயிலில் தீ கண்ணுக்கும் தெரியாது. அதனால் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடப்பது அங்கே வழக்கம். துடைப்பம் பற்றினால் எதிரே தீ. விஞ்ஞானத்தின் உச்சத்தில் மிதந்த படகுக்குக் கடைசிக் காவல் ஒரு துடைப்பம்.

எடுத்து நீட்டினார். நடந்தார்.

காலடியில் ஏதோ நொறுங்கியது. ஈக்கள். இறக்கை பொசுங்கி, மல்லாந்து, சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டு.

துடைப்பம் பற்றவில்லை. இன்னொரு அடி. பற்றவில்லை. ஆனால் ஒரு வாடை எழுந்தது. மூத்திரத்தைக் கொதிக்க வைத்ததுபோல. முகம் சுளித்தார். துடைப்ப நுனியில் லேசான ஆவி.

மறுகோடியில் மச்சினன் தலை நீட்டினான்.

"மாமா! மூஞ்சிய ஏன் அப்படிச் சுளிக்கிறீங்க? கக்கூஸ் அடைச்சுக்கிச்சேன்னு காலையில அந்தத் துடைப்பத்தத்தான் எடுத்தேன். நல்லா ஊற வச்சு அலசிட்டேன், சத்தியமா!"

ஊற வைத்த துடைப்பம். பற்றாது. ஆவிதான் விடும்.

தீ நுனியிலேயே இருந்தது. இருவருக்கும் நடுவில்.

"நில்லுடா! அங்கயே நில்லு!"

"ஒரு சாக்ஸுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?"

"வராதடா!"

சிரித்துக்கொண்டே வந்தான்.

முதலில் புருவம் போனது. பிறகு சிரிப்புச் சத்தம். கோழி வாட்டும் வாடை. எதிரே ஒன்றுமே இல்லை, வெயில் மட்டும். அந்த ஒன்றுமில்லாததற்குள் நின்றபடி, மச்சினனின் உதடுகள் பற்களை விட்டு மெல்லச் சுருண்டு மேலேறின, இன்னும் சிரிக்கிறவன்போல்.