தொட்டித் தண்ணீரும் மஞ்சள் துணியும்

அமிர்தவள்ளிக்குப் பத்து வயதுதான். ஆனால் அன்று அவளுக்கு வந்த கோபம் வீடு கொள்ளாத கோபம். பின்னே, வராதா?

அவள் அம்மா பட்டம்மாள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு மண்டியில் வேலை பார்த்தாள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை, பெரிய தொட்டியில் இறங்கி அலச வேண்டும். சுண்ணாம்பு மிச்சமிருந்தால், ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டதும் தோல் கறுத்துவிடும். அன்று நாற்பது தோல் கறுத்துப் பாழாகிவிட்டது.

"ஒழுங்கா அலசத் துப்பில்ல. நாளைலேர்ந்து வராதே" என்று மேஸ்திரி வேலு அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டார்.

"இடுப்பொடிய அலசினேன்டி" என்று அம்மா அழுதாள்.

அமிர்தவள்ளி அம்மாவின் பாதங்களைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்று காலையில் பூசிய மஞ்சள் செக்கச்செவேலென்று மாறியிருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால்தானே ஆரத்தி சிவக்கும்?

"தொட்டித் தண்ணிய எப்பம்மா மாத்தினாங்க?"

"நாலு நாளாச்சு. தெளிவாத்தானே இருக்குன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

மறுநாள் காலை அம்மாவையும் இழுத்துக்கொண்டு, மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த இரண்டு துணித்துண்டுகளோடு அவள் மண்டியில் நின்றாள்.

"இன்னா பாப்பா?" என்றார் முதலாளி மக்பூல் அகமது.

"எங்கம்மா மேல தப்பில்ல மொதலாளி. தொட்டித் தண்ணிலயே சுண்ணாம்பு இருக்குது."

வேலு சிரித்தார். "மூஞ்சி தெரியுது அந்தத் தண்ணில."

"கரைஞ்ச சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியுமா?"

ஒரு துண்டைக் கிணற்று நீர் வாளியில் நனைத்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொன்றைத் தொட்டியில் நனைத்தாள். மறுநொடியே சிவந்தது.

"சுண்ணாம்புத் தண்ணில அலசினா சுண்ணாம்பு எப்படிப் போகும்?" என்று கேட்டாள்.

முதலாளி வேலுவை முறைத்தார். "தெனம் மாத்தச் சொன்னேனே. பட்டம்மா, நீ வேலைக்குப் போ."

அமிர்தவள்ளி நகரவில்லை. "தப்பு தன்னுதுன்னு மேஸ்திரி சொல்லணும்."

வேலு குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. நேத்து திட்டினது மட்டும் எல்லாருக்கும் கேட்டுச்சே?"

வேலு தொண்டையைக் கனைத்தார். "தப்பு என்னுதுதான், பட்டம்மா."

இந்த முறை மண்டியே திரும்பிப் பார்த்தது.